விழத் தெரிந்தவர்

ஆறு குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டி ஒன்று, வறண்டுபோன ஏரிப் படுகையில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் துரத்தி வருகிறார்கள் அப்பாச்சி வீரர்கள். அவர்களில் ஒருவன் வண்டியை முந்திப் போய், தன் குதிரையிலிருந்து தாவி, வண்டியை இழுக்கும் முன் ஜோடிக் குதிரை மீது உட்கார்ந்துவிடுகிறான். வண்டியின் கூரையிலிருந்து கதாநாயகன் சுடுகிறான். குண்டடிபட்டவன் இரண்டு குதிரைகளுக்கும் நடுவே சரிகிறான். குதிரைகளை இணைக்கும் கட்டையைப் பிடித்தபடி, முதுகு மண்ணில் தேய இழுபட்டுக்கொண்டே போகிறான். இன்னொரு குண்டு. பிடியை விடுகிறான். மூன்று ஜோடிக் குதிரைகளும், அவற்றின் பின்னால் வண்டியும் அவன் உடம்புக்கு மேலே கடந்து போகின்றன. புழுதியில் அந்த உருவம் புரண்டு அசைவது தெரிகிறது. பொம்மை இல்லை, மனிதன்தான்!

1939-ல் வெளிவந்த, ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' படத்தின் காட்சி இது. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்ற சொல்லே பிறக்காத காலம். கயிறு கட்டி எடுத்துவிட்டு, பிறகு கயிற்றை அழிக்கும் வசதியும் கிடையாது. திரையில் நடந்தது எல்லாம் தரையிலும் நடந்தது.

சற்று நேரத்தில் அதே துரத்தலில், கதாநாயகன் ஜான் வெய்ன் வண்டியிலிருந்து கீழே குதித்து, ஜோடி ஜோடியாகத் தாவி முன் குதிரைக்குப் போய் லகானை மீட்கிறார். ரசிகர்கள் கைதட்டினார்கள். ஆனால், தாவியது வெய்ன் இல்லை. சற்று முன் குண்டடிபட்டு விழுந்த அதே ஆள், இப்போது ஹீரோவின் உடையில். சுடப்பட்டவரும் அவரே, சுட்டவருக்கு டூப்பும் அவரே.

அவர் பெயர் யாக்கிமா கனட். உலகமெங்கும் இன்று படப்பிடிப்புத் தளங்களில் 'ஸ்டண்ட் மாஸ்டர்' என்று ஒருவர் நிற்கிறாரே, அந்த வேலைக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்.

பேர் வந்த கதை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில், கோல்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே 1895 நவம்பர் 29-ம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஈனஸ் எட்வர்ட் கனட். அப்பா பண்ணைக்காரர், மாநில சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர். ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு. பண்ணை என்றால் குதிரைகள். பள்ளிக்கூடத்தைவிடக் குதிரைகளோடுதான் அந்தப் பையனுக்கு ஒட்டுதல் அதிகம். 11 வயதிலேயே ஒரு முரட்டுக் குதிரையைப் பழக்கிக் காட்டினான். 16 வயதில் ரோடியோ போட்டியில் இறங்கிவிட்டான்.

ரோடியோ என்பது மாடு மேய்ப்பவர்களின் வீர விளையாட்டு. ஆள் பழக்கமே இல்லாத குதிரை மீது ஏறி, அது எத்தனை துள்ளினாலும் விழாமல் உட்கார வேண்டும். ஓடும் காளையின் மீது குதிரையிலிருந்து பாய்ந்து, கொம்பைப் பிடித்துத் திருகித் தரையில் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு போட்டியும் சில நொடிகள்தான். அந்த நொடிகளில் எலும்பு முறிவது சர்வசாதாரணம்.

1914-ல் ஒரேகான் மாநிலத்தின் பெண்டில்டன் நகரில் நடந்த பெரிய ரோடியோவில் கனட் கலந்துகொண்டார். அங்கே எடுத்த படத்தைப் பத்திரிகையில் போட்டவர்கள், அவரை யாக்கிமா ஊர்க்காரர் என்று நினைத்து 'யாக்கிமா கனட்' என்று அச்சிட்டுவிட்டார்கள். அந்த ஊருக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அச்சுப் பிழை அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரிலேயே அவர் பெண்டில்டனில் 1917, 1919, 1920, 1923 என நான்கு முறை ஒட்டுமொத்தச் சாம்பியன் ஆனார்.

இந்த ரோடியோ வருடங்கள் முக்கியமானவை. குதிரை எப்போது மிரளும், எந்தப் பக்கம் திரும்பும், கீழே கிடக்கும் ஆளை என்ன செய்யும் என்பதை எல்லாம் அவர் படித்தது புத்தகத்தில் இல்லை. விழுவது எப்படி என்பதையும் அங்கேதான் கற்றார். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும். உடம்பை உருட்டிவிட்டால் அடி பரவிப்போகும். பிற்பாடு ஹாலிவுட்டில் அவர் பிழைத்ததும், பலரைப் பிழைக்க வைத்ததும் இந்தப் பாடத்தால்தான்.

போன குரலும், வந்த தொழிலும்

1919-ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ரோடியோவுக்குப் போனவருக்கு சினிமாக்காரர்களின் அறிமுகம் கிடைத்தது. கௌபாய் படங்களின் அன்றைய சூப்பர் ஸ்டார் டாம் மிக்ஸ் அவரைத் தன் படங்களுக்கு அழைத்தார். சில வருடங்களில் கனட் கதாநாயகனாகவே நடிக்கத் தொடங்கினார். ஊமைப் படக் காலம் அது. முகம் இருந்தது, உயரம் இருந்தது, குதிரை ஏற்றம் இருந்தது. தன் சாகசங்களைத் தானே செய்தார். 1920-களில் வரிசையாகப் படங்கள் வந்தன. 1926-ல் வந்த 'தி டெவில் ஹார்ஸ்' அவற்றில் பேர் பெற்ற ஒன்று.

பிறகு சினிமா பேசத் தொடங்கியது. அங்கேதான் இடி விழுந்தது.

முதல் உலகப் போரின் இறுதியில், 1918-ல் அவர் கடற்படையில் சேர்ந்திருந்தார். அப்போது பிடித்த ஃப்ளூ காய்ச்சல் அவருடைய குரலைக் கெடுத்துவிட்டிருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத, கரகரத்த குரல். ஊமைப் படத்தில் யாருக்கும் தெரியாத குறை, மைக் வந்ததும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. ஹீரோ வாய்ப்புகள் வற்றின. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ரோடியோவுக்குத் திரும்ப அந்த உடம்பு இன்னும் எத்தனை வருடம் தாங்கும்?

அன்றைய ஹாலிவுட்டில் குரல் போன ஹீரோக்கள் ஏராளம். பலர் காணாமலே போனார்கள். கனட் தன்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று பார்த்தார். உடம்பு இருந்தது. குதிரை இருந்தது. விழத் தெரிந்திருந்தது. முகம் தெரியாத வேலைக்குப் போனார். போஸ்டரில் பெயர் வந்த மனிதர், இன்னொருவரின் சட்டையையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி விழத் தொடங்கினார். வில்லனின் அடியாளாகவும் நடித்தார். ஒரே படத்தில் ஹீரோவுக்கு டூப் போட்டு, வில்லன் கூட்டத்தில் ஒருவராக வந்து, தன்னைத் தானே துரத்திக்கொண்ட நாள்களும் உண்டு.

அடிக்காமல் அடிப்பது

1932-ல் 'ஷேடோ ஆஃப் தி ஈகிள்' என்ற தொடர்படத்தில் ஓர் இளம் நடிகருக்கு டூப் போட வந்தார் கனட். அந்த இளைஞர், அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஜான் வெய்ன். இருவருக்கும் பிடித்துப்போனது. குதிரையிலிருந்து அடிபடாமல் விழுவது எப்படி என்று வெய்னுக்குக் கற்றுக்கொடுத்தார் கனட். வெய்ன் வேறொன்றையும் எடுத்துக்கொண்டார். இடுப்பை அசைத்து நடக்கும் கனட்டின் நடையை. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு இழுத்துப் பேசும் பேச்சை. எந்தப் பேச்சு சினிமாவுக்கு ஆகாது என்று கனட்டை ஒதுக்கினார்களோ, அதன் சாயல்தான் பின்னாளில் ஜான் வெய்னின் முத்திரை ஆனது!

இருவரும் சேர்ந்து செய்த இன்னொரு வேலை, இன்றைக்கும் எல்லா மொழிப் படங்களிலும் இருக்கிறது. அதற்கு முன்பு சண்டைக் காட்சி என்றால் நடிகர்கள் ஒருவரையொருவர் தோளிலும் மார்பிலும் நிஜமாகவே குத்திக்கொள்வார்கள். பார்க்கவும் நன்றாக இருக்காது, வலியும் மிச்சம். கனட்டும் வெய்னும், இயக்குநர் ராபர்ட் பிராட்பரியின் படங்களில் வேறு வழியைப் பழகினார்கள்.

கேமராவின் ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது என்பதுதான் சூட்சுமம். அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைக்க வேண்டும். குத்து விடுபவரின் முஷ்டி, எதிராளியின் முகத்துக்கு முன்னால் காற்றில் கடந்து போகும். அதே கணத்தில் எதிராளி தலையை வெடுக்கென்று திருப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவே அரை அடி இடைவெளி இருந்தாலும், திரையில் அது தெரியாது. 'பளார்' சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 'பாஸ் சிஸ்டம்' என்று இதற்குப் பெயர். எத்தனை கோடி குத்துகள், எத்தனை ஹீரோக்கள்! மூக்கு உடையாமல் வீட்டுக்குப் போன ஒவ்வொரு துணை நடிகருக்கும் இந்த இடைவெளியில் பங்கு உண்டு.

வேகமாகப் போனால்தான் தப்பிக்கலாம்

அந்தக் காலத்தில் ஸ்டண்ட் என்பது தைரியத்தின் பெயரால் நடந்த சூதாட்டம். 'அந்தப் பாறையிலிருந்து குதிக்கிறாயா, இவ்வளவு பணம்' என்பார்கள். குதித்துப் பிழைத்தால் பணம். கனட் இதைத் தொழிலாக மாற்றினார். எங்கே விழ வேண்டும் என்று முன்கூட்டியே அடையாளம் வைப்பார். தரையைத் தோண்டிக் கல் பொறுக்குவார். சாதனங்களைத் தானே செய்வார்.

குதிரையிலிருந்து விழுபவருக்குப் பெரிய எமன், அங்கவடி. கால் அதில் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். அதனால், ஒரு பக்கம் திறந்த, 'ட' எழுத்தைப் போன்ற அங்கவடியைப் பயன்படுத்தினார். விழும்போது கால் தானாக நழுவி வெளியே வந்துவிடும். வண்டி கவிழும் காட்சிகளுக்குக் கம்பி வடங்களை வைத்து ஓர் ஏற்பாடு செய்தார். குறித்த இடம் வந்ததும் குதிரைகள் தனியே கழன்று ஓடிவிடும். வண்டி மட்டும் கவிழும். அது எத்தனை முறை எடுத்தாலும் ஒரே இடத்தில் கவிழும் என்பதால், கேமராவையும் அதற்கேற்ப வைக்கலாம். ஆளும் பிழைப்பார், குதிரையும் பிழைக்கும், ஷாட்டும் கிடைக்கும்.

'ஸ்டேஜ்கோச்' காட்சியிலும் அப்படி ஒரு கணக்கு இருந்தது. குதிரைகளுக்கு அடியில் போகப் போகும் ஆள், 'கொஞ்சம் மெதுவாக ஓட்டு' என்றுதானே கேட்பார்? கனட் முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். குதிரை மெதுவாக ஓடும்போது இப்படியும் அப்படியும் அலையும். நாலு கால் பாய்ச்சலில் போகும்போது நேர்க்கோட்டில் ஓடும். நேர்க்கோட்டில் ஓடினால்தான் நடுவில் இருக்கும் சந்து மாறாமல் இருக்கும். கைகால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால் அந்தச் சந்தில் ஓர் உடம்பு பிழைக்க இடம் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம், அவருக்கு அது கணக்கு.

40 வருடங்களுக்குப் பிறகு, 1981-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தில் இந்தியானா ஜோன்ஸ் ஓடும் லாரிக்கு அடியில் இழுபட்டுப் போவார். கனட்டின் அந்தக் காட்சிக்கு ஸ்டண்ட் கலைஞர் டெர்ரி லெனர்ட் செலுத்திய வணக்கம் அது. லாரிக்குக் கீழே உடம்பு போக இடம் வேண்டும் என்பதற்காகச் சாலையின் நடுவே பள்ளம் வெட்டினார்கள். குதிரை போய் லாரி வந்தாலும், கணக்கு அதேதான்.

எரியும் அட்லாண்டா

1938 டிசம்பர் 10 இரவு. 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக அட்லாண்டா நகரம் எரியும் காட்சியை எடுத்தார்கள். ஸ்டூடியோவின் பின்புறம் கிடந்த பழைய செட்டுகளுக்குத் தீ வைத்தார்கள். 'கிங் காங்' படத்துக்குப் பயன்பட்ட பிரமாண்ட மதில்கூட அன்றுதான் சாம்பலானது. அந்தத் தீக்கு நடுவே குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு போனது கிளார்க் கேபிள் இல்லை, அவர் உடையில் கனட். பக்கத்தில் கதாநாயகிக்கும் டூப்தான். வேறு வழியும் இல்லை. அன்று இரவு வரை கதாநாயகி யார் என்றே முடிவாகவில்லை. தீயைப் பார்க்க வந்த விவியன் லீயைத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்குக்கு அங்கேதான் அறிமுகம் செய்துவைத்தார்கள்.

அதே படத்தில், பின்னால் பாலத்தின் அருகே கதாநாயகியின் வண்டியை மறித்துத் தாக்கும் முரடனாகவும் கனட் வருகிறார். ஒரு காட்சியில் அவளைத் தீயிலிருந்து காப்பாற்றியவர், இன்னொன்றில் அவள் அலறக் காரணமானவர். படம் பார்த்த கோடிக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்திருக்கும்?

உடம்பு போட்ட முற்றுப்புள்ளி

எவ்வளவு கணக்குப் போட்டாலும் தவறும் நாள் ஒன்று வரும். 1940-ல் 'பூம் டவுன்' படப்பிடிப்பில் குதிரை பின்பக்கமாகச் சாய்ந்து அவர் மேலேயே விழுந்தது. வயிற்றுக்குள் பலத்த காயம்; அறுவை சிகிச்சை செய்துதான் பிழைத்தார். 1943-ல் ராய் ரோஜர்ஸ் நடித்த படம் ஒன்றில், வண்டியிலிருந்து விழுந்து இரண்டு கணுக்கால்களும் முறிந்தன. வயது 47.

ஸ்டண்ட் கலைஞருக்கு இது கொடுமையான கட்டம். நடிகருக்கு வயதானால் அப்பா வேடம் உண்டு. பாடகருக்குக் குரல் தளர்ந்தால் பழைய பாட்டு உண்டு. விழுகிறவருக்கு? குரல் போனபோது உடம்பை நம்பினார் கனட். இப்போது உடம்பும் கைவிட்டது. மீதி இருந்தது அவருக்குள் இருந்த அனுபவம் மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னாலிருந்து பின்னால் போனார்.

விழுவது ஒரு வேலை. யார் விழ வேண்டும், எங்கே, எப்படி, எத்தனை ஒத்திகைக்குப் பிறகு, முக்கியமாக 'இன்றைக்கு வேண்டாம்' என்று எப்போது சொல்ல வேண்டும் என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்குத் தைரியம் போதும். இரண்டாவதுக்கு அடுத்தவர் உயிர் மீது அக்கறை வேண்டும். கனட் சண்டைக் காட்சிகளையும் துரத்தல்களையும் தனியே இயக்கும் இரண்டாம் யூனிட் இயக்குநர் ஆனார். இங்கிலாந்துக்குப் போய் 'ஐவன்ஹோ' (1952) படத்தில் கோட்டை முற்றுகைக்கு ஆட்களைப் பழக்கினார். அதன் பிறகு வந்தது, அவர் பெயரை நிலைக்க வைத்த வேலை.

ரோமில் ஒரு பந்தயம்

'பென்ஹர்' படத்தின் ரதப் பந்தயத்தைப் பார்க்காதவர்கள்கூட அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். திரையில் அது பத்து நிமிடத்துக்கும் குறைவு. இயக்குநர் வில்லியம் வைலர் அந்தக் காட்சியை ஆண்ட்ரூ மார்ட்டன், யாக்கிமா கனட் என்ற இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டார்.

ரோம் நகரின் சினிசிட்டா ஸ்டூடியோவில் 18 ஏக்கரில் மைதானம் எழுந்தது. அதன் பக்கத்திலேயே, அதே அளவில், ஒத்திகைக்கு என்று இன்னொரு ஓடுபாதை. யூகோஸ்லாவியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் 78 குதிரைகள் வந்தன. 18 ரதங்கள் செய்தார்கள். பாதி ஒத்திகைக்கு மட்டும். ஒவ்வொன்றும் 400 கிலோவுக்கு மேல். ஒரு ரதத்துக்கு நான்கு குதிரைகள், பக்கவாட்டில் ஒரே வரிசையாக. இப்படிக் குதிரை ஓட்டத் தெரிந்தவர்கள் மிக அரிது. ரோமாபுரிக் காலத்து வித்தையை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. ஓட்டுநர்களைக் கனட் மாதக்கணக்கில் பழக்கினார். ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டனும் தினமும் வந்து கற்றார்.

ஹெஸ்டன் பிற்பாடு பலமுறை சொல்லிச் சிரித்த சம்பவம் ஒன்று உண்டு. ரதம் ஓட்ட ஓரளவு வந்துவிட்டது, ஆனால் பந்தயத்தில் மற்றவர்களோடு ஓடி ஜெயிக்க முடியுமா என்று அவருக்குக் கவலை. கனட்டிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் ரதத்தை விட்டு விழாமல் நின்றால் போதும், ஜெயிக்க வைப்பது என் பொறுப்பு என்றாராம் கனட்.

படப்பிடிப்பு ஐந்து வாரம் பிடித்தது. ரதங்கள் நசுக்குவது போன்ற இடங்களில் பொம்மைகளை வைத்தார்கள். ஹெஸ்டனுக்கு ஆபத்தான இடங்களில் டூப் போட்டவர், கனட்டின் மகன் ஜோ. இருபது வயதைச் சற்றே தாண்டிய இளைஞர்.

பாதையில் உடைந்து கிடக்கும் ரதங்களை பென்ஹரின் ரதம் தாண்டிக் குதிக்க வேண்டும். உடைசல்களின் மறைவில் சாய்தளம் வைத்திருந்தார்கள். குதிரைகள் தாண்டின. ரதம் எகிறியது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக எகிறியது. ஜோ தலைகீழாகத் தூக்கி எறியப்பட்டு, ரதத்தின் முன்பக்கத்தைத் தாண்டி, குதிரைகளின் பின்னங்கால் அருகே போய் விழுந்தார். எப்படியோ கைக்குச் சிக்கியதைப் பிடித்துக்கொண்டார். தாடையில் ஒரு வெட்டு, சில தையல்கள். அவ்வளவுதான்.

20 வருடங்களுக்கு முன்பு அப்பா எந்த இடத்துக்குத் தானாக இறங்கிப் போனாரோ, குதிரைக் குளம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் அதே இடம். அப்பாவுக்கு அது திட்டம். மகனுக்கு அது விபத்து. அப்பா இந்த முறை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஷாட்டைப் படக்குழு தூக்கிப் போடவில்லை. ஹெஸ்டன் முன்பக்கத்திலிருந்து தொற்றி ரதத்துக்குள் ஏறுவதைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். இன்று அந்தப் பந்தயத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அந்த நொடியைத்தான். இந்தத் தொழிலின் சங்கடமும் அங்கேதான் இருக்கிறது. எத்தனை மாத ஒத்திகை, எவ்வளவு பாதுகாப்பு! ஆனால், ரசிகனின் மனதில் நின்றது, திட்டம் தவறிய ஒரே ஒரு தருணம். 1925-ல் எடுத்த ஊமைப் பட 'பென்ஹர்' பந்தயக் காட்சிகளில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். குதிரைகள் பல செத்தன. 1959 படத்தில் ஒருவர் இறந்துவிட்டதாக இன்றும் வதந்தி உலவுகிறது. அது உண்மை இல்லை. எல்லோரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். ஆனால், வதந்திக்கு இருக்கும் ஆயுள் அந்த உண்மைக்கு இல்லை.

குதிரைகள் பக்கத்துக் கணக்கு

கனட்டைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. போர்க் காட்சிகளில் ஓடும் குதிரை குப்புற விழ வேண்டும் என்றால், அன்றைக்கு அதன் முன்னங்கால்களில் கம்பியைக் கட்டி, மறுமுனையைத் தரையில் அடித்துவிடுவார்கள். கம்பியின் நீளம் தீர்ந்ததும் குதிரை தலைகுப்புற விழும். 'ரன்னிங் டபிள்யூ' என்று அதற்குப் பெயர். எத்தனையோ குதிரைகள் கால் முறிந்து செத்திருக்கின்றன. கனட்டும் அதைப் பலமுறை பயன்படுத்தியவர். சரியாகச் செய்தால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது என்பது அவருடைய வாதம். குதிரைகளோடு வளர்ந்த மனிதரின் வாதம் என்றாலும், தேர்வு செய்யும் உரிமை குதிரைக்கு இல்லையே.

1939-ல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காகச் செங்குத்தான பாறையிலிருந்து நீரில் விழவைத்த குதிரை ஒன்று இறந்துபோனது. பெரும் கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டே, படப்பிடிப்புகளில் விலங்குகளைக் கண்காணிக்க அமெரிக்க விலங்கு நல அமைப்பு ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்தது. கம்பி கட்டும் வழக்கம் மெல்ல ஒழிந்தது. சொன்னதும் தானாகப் படுத்து விழும்படி பழக்கிய குதிரைகள் வந்தன. மனிதர்களுக்குப் பாதுகாப்பு, கூடவே இருந்து பார்த்த ஒருவரால் வந்தது. குதிரைகளுக்கு, வெளியிலிருந்து எழுந்த கோபத்தால் வந்தது.

விருது எங்கே?

'பென்ஹர்' 11 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. இசைக்கு உண்டு, உடைக்கு உண்டு, ஒலிக்கு உண்டு. ஸ்டண்டுக்கு என்று பிரிவே கிடையாது. கனட் அதற்குப் பிறகும் ஓயவில்லை. 'எல் சிட்', 'தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்', 'கார்ட்டூம்', 'வேர் ஈகிள்ஸ் டேர்' என்று பெரிய படங்களின் பெரிய காட்சிகள் அவர் கையில் வந்தன. 1967-ல் நடந்த விழாவில் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்று சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, ஸ்டண்ட் கலைஞராக அவர் சாதித்தது. மற்றொன்று, ஸ்டண்ட் கலைஞர்களைக் காக்கும் பாதுகாப்புச் சாதனங்களை உருவாக்கியது. அந்த இரண்டாவது காரணத்தைக் கவனிக்க வேண்டும். எத்தனை முறை உயிரைப் பணயம் வைத்தார் என்பதோடு, எத்தனை உயிர்களைப் பணயத்திலிருந்து மீட்டார் என்பதற்கும் கிடைத்த விருது அது.

தனிப் பிரிவு வர அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின. இந்த விஷயத்தில் இந்தியா முந்திக்கொண்டது. 2017-ல் வழங்கிய தேசிய விருதுகளில் சண்டைக் காட்சி அமைப்புக்கு முதல்முறையாக விருது வைத்தார்கள். மலையாளப் படம் 'புலிமுருகன்' வழியாக அதை வாங்கியவர் சென்னையில் வளர்ந்த பீட்டர் ஹெய்ன். ஆஸ்கர் அகாடமி 2025 ஏப்ரலில்தான் ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது என்று அறிவித்தது. 2027-ல் வெளியாகும் படங்களுக்கு, 2028-ல் நடக்கும் நூறாவது விழாவில் முதல் விருது.

அந்த அறிவிப்பு வந்து மூன்று மாதம்கூட நிறைந்திருக்கும், அவ்வளவுதான். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், கார் பாய்ந்து கவிழும் காட்சியை எடுத்தபோது அனுபவம் மிக்க ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். விருதும் தேவைதான். ஆனால், கனட் தரையைத் தோண்டிக் கல் பொறுக்கிய வேலை இன்னும் முடியவில்லை என்று அந்தச் செய்தி சொன்னது.

யாக்கிமா கனட் 1979-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். பெயர், 'ஸ்டண்ட் மேன்'. மகன்கள் ஜோவும் டாப்பும் அப்பாவின் தொழிலையே செய்தார்கள். குதிரை மேலே விழுந்தும், கணுக்கால்கள் முறிந்தும், ஆறு குதிரைகளும் ஒரு வண்டியும் உடம்பைக் கடந்துபோயும், கனட் 1986 மே 24 அன்று இயற்கையாகவே காலமானார்.

அப்போது அவருக்கு வயது 90. ஒரு ஸ்டண்ட் மாஸ்டருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு என்ன இருக்க முடியும்!